உறவு வீட்டிலிருந்து ஓடிவரும் பிள்ளைகள்

வீட்டை விட்டுக் கிளம்பிவிடும் பிள்ளைகளில் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒரு வகையினர் உண்டு. தாய் தகப்பன் இறந்ததாலோ, பிழைப்புக்காக வெளியூர் போனதாலோ, சித்தப்பா வீட்டிலோ அத்தை வீட்டிலோ மாமா வீட்டிலோ விடப்பட்டவர்கள் இவர்கள். அங்கே இருப்புக்கொள்ளாமல் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறார்கள். காவல் நிலையப் பதிவேட்டில் இவர்களும் காணாமல் போன சிறார்தான். ரயில்வே கணக்கில் இவர்களும் ஓடிவந்த குழந்தைகள்தான். ஆனால் அம்மாவிடம் கோபித்துக்கொண்டு போன பிள்ளைக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது. உறவு வீட்டிலிருந்து ஓடிய பிள்ளையிடம் "வீட்டுக்குப் போ" என்றால், எந்த வீட்டுக்கு என்று அது கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் தேடாமல் பிள்ளையைப் பஸ் ஏற்றி அனுப்பிவைப்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 18 வயது நிரம்பாத எவரும் காணாமல் போனாலோ ஓடிப்போனாலோ அவரைப் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்ற பிரிவில் வைக்கிறது. ஓடியது குற்றமாகாது. பிள்ளையைப் பிடித்துக்கொடுப்பது என்ற பேச்சுக்கே சட்டத்தில் இடமில்லை.

திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் ஆலங்காயத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் எடுத்துக்கொண்டால், பிள்ளைகள் ஏன் உறவு வீடுகளில் வளர்கிறார்கள் என்பது எளிதில் புரியும். ஒரு பக்கம் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று நீளும் தோல் தொழில். தோல் ஷாப்புகளில் ஆண்கள் வேலை செய்கிறார்கள். ஷூ கம்பெனிகளில் தையல் மிஷினில் உட்காருவது பெரும்பாலும் பெண்கள். பொழுது விடிந்ததும் கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனால், திரும்பி வரும்போது இருட்டிவிடும். சிறு பிள்ளையை ஆயாவிடம் விடுவார்கள். ஆயா தள்ளாடிப்போனால் பெரியம்மாவிடமோ அத்தையிடமோ விட வேண்டியதுதான். மறுபக்கம் மலை. அங்கே வாழும் மலையாளி பழங்குடியினர் வருஷத்தில் பல மாதங்கள் கேரளம், கர்நாடகம், திருப்பூர் என்று கூலிக்குப் போகிறார்கள். பிள்ளையைக் கூட அழைத்துப் போனால் படிப்பு கெடும். ஊரில் விட்டால் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

மலைக் குடும்பங்களுக்கு இன்னொரு காயமும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் தமிழகத்தின் வட மாவட்டங்களிலிருந்து போனவர்கள்; பலர் ஜவ்வாது மலைக்காரர்கள். செய்தி சில வாரங்களில் ஓய்ந்தது. தகப்பனைச் சாகக் கொடுத்த பிள்ளையை யார் வளர்ப்பது என்ற கேள்வி அப்படி ஓய்வதில்லை. சாராயம், விபத்து, காசநோய் என்று காரணம் எதுவானாலும், சம்பாதிக்கிறவர் போன வீட்டில் பிள்ளைகளை ஆளுக்கொருவராகப் பிரித்து அனுப்புவது தமிழ்க் குடும்பங்களின் பழைய ஏற்பாடு. அதைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. அநாதை இல்லங்கள் இல்லாத காலத்திலும், இன்றும், கணக்கில்லாத பிள்ளைகளுக்கு ஒரு வாய் சோறும் ஒரு எழுத்தும் கிடைத்தது சித்தி, சித்தப்பா, மாமாமார்களால்தான்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது பழமொழி. உறவு வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு மூன்று நாள் கழித்துத்தான் உண்மையான இருப்பு தொடங்குகிறது. பெரும்பாலான வீடுகளில் அடியோ பட்டினியோ இருக்காது. பிள்ளையின் மனதை அரிப்பது சின்னச் சின்ன விஷயங்கள். வீட்டுப் பிள்ளைக்கு முட்டை, இதற்குக் குழம்பு மட்டும். வீட்டுப் பிள்ளை படிக்கும்போது இது குடம் எடுக்க வேண்டும். பள்ளியில் பணம் கேட்டால் அந்த நோட்டீசை மாமாவிடம் காட்டுவதற்கே இரண்டு நாள் யோசிக்க வேண்டும். காணாமல் போன எந்தப் பொருளுக்கும் முதலில் இதன் பையைத்தான் பார்ப்பார்கள். "உன் அம்மா அனுப்புற காசு சோப்புக்குக்கூட ஆகல" என்று போகிற போக்கில் விழும் ஒரு சொல், பெரியவர்களுக்கு அன்றைக்கே மறந்துபோகும். பிள்ளைக்கு மறக்காது. சோற்றைச் சொல்லிக் காட்டிய வீட்டில் அடுத்த வேளை உட்கார்ந்து சாப்பிட எந்த வயதிலும் கூசும்.

இதில் வளர்க்கிறவர்களின் பாடும் சேர்ந்திருக்கிறது. கம்பெனிச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் அத்தைக்கு மூன்றாவதாக வந்த பிள்ளை பாரம்தான். அவர் அந்தப் பிள்ளையைக் கேட்டு வாங்கவில்லை. குடும்பம் கூடிப் பேசி அவர் கையில் கொடுத்தது. மாமியார் பக்கத்துப் பிள்ளையா, தன் அண்ணன் பிள்ளையா என்பதைப் பொறுத்து வீட்டுக்குள் புருஷன் பெண்டாட்டி சண்டையும் வரும். அந்தச் சண்டைக்குத் தானே காரணம் என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. "நான் போயிட்டா இவங்க நல்லா இருப்பாங்க" என்ற எண்ணம் பல பிள்ளைகளைக் கிளப்பிவிடுகிறது. பெற்றோரிடம் சொல்வதும் கடினம். போனில் பேசும்போது பக்கத்திலேயே அத்தை நிற்பார், அம்மாவும் "கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு, வேற எங்க விடறது?" என்பார். அம்மாவிடம் வேறு பதில் இல்லை என்பது பிள்ளைக்கும் தெரியும்.

பெண் பிள்ளைகளுக்கு இதன் மேல் இன்னொரு அடுக்கு. வயதுக்கு வந்த பெண்ணை வைத்திருப்பதே உறவு வீட்டில் பேச்சாகிறது. மாமன் மகன், தாய்மாமன் என்று முறை இருக்கும் வீடாக இருந்தால், வளர்த்த உரிமை கல்யாண உரிமையாக மாறுவதும் உண்டு. பெண்ணுக்கு 18 வயது நிறையாத கல்யாணத்தை 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் தடுக்கிறது. ஆனாலும் நிச்சயம் பேசத் தொடங்கிய வாரத்தில் வீட்டை விட்டு ஓடிவரும் பெண்கள் இருக்கிறார்கள். உறவினரின் கை எல்லை மீறும் வீடுகளும் உண்டு. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் கொடுமை செய்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள் அல்லது நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள் என்று தெரிந்தது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், உறவினரோ ஒரே வீட்டில் வாழ்பவரோ செய்யும் குற்றத்தைக் கூடுதல் கடுமையானதாக வைத்திருப்பது இதனால்தான். ஓடிவந்த பிள்ளை காரணம் சொல்லத் தயங்கினால், சொல்ல முடியாத காரணம் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பிடிவாதம் என்று தள்ளிவிடுவது ஆபத்து.

வேலையும் ஒரு காரணம். ஆம்பூர்ப் பக்கம் ஷூவின் மேல்பாகத்தை வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுக்கும் தொழில் இருக்கிறது. ஜோடிக் கணக்கில் சொற்பக் கூலி. வீட்டில் இன்னொரு ஜோடிக் கை இருந்தால் கூலி கூடும். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தோல் பதனிடுதலையும் பீடி சுற்றுதலையும் பிள்ளைகளுக்குத் தடைசெய்த தொழில்களின் பட்டியலில் தொடக்கத்திலேயே சேர்த்தது. 2006 அக்டோபரில் வீட்டு வேலையும் ஓட்டல் வேலையும் அந்தப் பட்டியலுக்கு வந்தன. 2016இல் திருத்தம் வந்து, 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்றது. ஆனால் அதே திருத்தம் ஒரு வாசலைத் திறந்து வைத்தது. ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக, விடுமுறையில் பிள்ளை கைகொடுக்கலாம் என்றது. குடும்பம் என்பதற்குள் தகப்பனின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, தாயின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரையும் சேர்த்தது. மாமாவின் கடையில் ராத்திரி பத்து மணி வரை நிற்கும் பையன் 'குடும்பத்துக்கு உதவுகிறான்' என்றாகிவிடுகிறது. பெற்றோர் பக்கத்தில் இல்லாத பிள்ளைக்கு இந்த விலக்கு பாதுகாப்பைக் குறைக்கிறது. இது திருத்தப்பட வேண்டிய விதி.

கிளம்பும் பிள்ளை பெரும்பாலும் பெரிய திட்டம் போடுவதில்லை. தேர்வு முடிவு, திருட்டுப் பழி, ஒரு அறை, ஒரு சொல் என்று ஏதோ ஒன்று அன்றைக்கு நடக்கிறது. பள்ளிக்குப் போவதுபோல் புத்தகப் பையோடு கிளம்பி, ஆலங்காயத்திலிருந்து வாணியம்பாடிக்கோ திருப்பத்தூருக்கோ பஸ் ஏறினால், அங்கிருந்து ஜோலார்பேட்டை எட்டிப்பிடிக்கும் தூரம். பெங்களூருப் பாதை 1864இல் இங்கே வந்து சேர்ந்ததிலிருந்து ஜோலார்பேட்டை பெரிய சந்திப்பு. சென்னைப் பக்கம், சேலம் கோவைப் பக்கம், பெங்களூருப் பக்கம் என்று மூன்று திசைக்கும் ராப்பகலாக வண்டி ஓடும். எந்த வண்டி முதலில் நிற்கிறதோ அதில் ஏறும் பிள்ளைக்குப் போகுமிடம் முக்கியமில்லை. சிலர் மட்டும் நேராக அம்மா வேலை செய்யும் ஊரைத் தேடிப் போகிறார்கள். முகவரி தெரியாது, கம்பெனி பெயர் மட்டும் தெரியும்.

இப்படி வருகிறவர்களை முதலில் காண்பது ரயில்வே பாதுகாப்புப் படையினர். 'நன்ஹே ஃபரிஷ்தே' என்ற பெயரில் அந்தப் படை நடத்தும் மீட்புப் பணியில், 2018 முதல் 2024 மே வரை நாடு முழுவதும் 84,119 குழந்தைகள் மீட்கப்பட்டார்கள். 2018இல் மட்டும் 17,112 பேர். அவர்களில் 13,187 பேர் வீட்டிலிருந்து ஓடிவந்தவர்கள் என்று பதிவானது. நான்கில் மூன்று பங்குக்கும் மேல். இதில் எத்தனை பேர் உறவு வீட்டிலிருந்து வந்தவர்கள் என்று கணக்கு பிரித்துச் சொல்வதில்லை. பிரித்துச் சொன்னால், யாரைத் திருப்பி அனுப்புவது சரி, யாரை அனுப்புவது தவறு என்று முடிவெடுக்க அது பெரிதும் உதவும்.

தமிழ்நாட்டில் உறவு வீட்டிலிருந்து கிளம்பிப் போன பிள்ளைகளின் பயணங்களில் விவரமாகப் பதிவான ஒன்று, ஜவ்வாது மலைக்கு மறுபக்கம் இருக்கும் திருவண்ணாமலையில் போய் முடிந்தது. திருச்சுழியில் வக்கீலாக இருந்த சுந்தரமய்யர் 1892இல் இறந்தபோது குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. தாய் அழகம்மாள் இளைய பிள்ளைகளோடு மானாமதுரையில் கொழுந்தனார் நெல்லையப்பய்யர் வீட்டில் இருந்தார். மூத்த பையன்கள் இருவரும் மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டில் தங்கிப் படித்தார்கள். அந்த இருவரில் இளையவர் வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி.

சுப்பையர் வீடு கொடுமையான வீடு என்று யாரும் சொன்னதில்லை. வேங்கடராமனின் மனம் அந்த வீட்டிலும் பள்ளியிலும் நிற்கவில்லை. 1896 ஜூலையில், தான் இறந்துகொண்டிருப்பதாக உணர்ந்த ஓர் அனுபவத்துக்குப் பிறகு சுத்தமாக விலகிப் போயிற்று. ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதும்படி பள்ளியில் தண்டனை. எழுதிக்கொண்டே வந்தவர் பாதியில் ஒதுக்கி வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தார். இப்படி இருக்கிறவனுக்கு வீடும் படிப்பும் எதற்கு என்ற பொருளில் அண்ணன் நாகசாமி கடிந்துகொண்டார். பள்ளியில் சிறப்பு வகுப்பு இருக்கிறது என்று தம்பி எழுந்தபோது, அப்படியே பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துக்கொண்டு போய்த் தன் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிடு என்றார் அண்ணன். சித்தி சோறு போட்டுப் பணத்தைக் கொடுத்தார். வேங்கடராமன் பழைய அட்லஸ் ஒன்றைப் பிரித்துத் திருவண்ணாமலைக்குப் பக்கத்து ரயில் நிலையம் திண்டிவனம் என்று கணக்குப் போட்டார். மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு, தன்னைத் தேடிச் செலவு செய்ய வேண்டாம், சம்பளம் கட்டப்படவில்லை என்று சீட்டு எழுதி, மீதி இரண்டு ரூபாயையும் அதோடு வைத்துவிட்டுப் போனார்.

திண்டிவனம் டிக்கெட் இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. கையில் மிஞ்சியது மூன்று அணா. திருவண்ணாமலைக்கே புதுப் பாதை போட்டிருக்கிறார்கள், விழுப்புரத்தில் மாற வேண்டும் என்று வண்டியில் சொன்னவர் ஒரு மௌல்வி. விழுப்புரத்தில் ஓட்டல்காரர் சாப்பாட்டுக்குக் காசு வாங்க மறுத்தார். மிச்சக் காசில் மாம்பழப்பட்டு வரை டிக்கெட். பிறகு அறையணிநல்லூருக்கு நடை. கீழூரில் முத்துக்கிருஷ்ண பாகவதர் வீட்டில் சாப்பாடு போட்டு, காதுக் கடுக்கனை வாங்கிக்கொண்டு நான்கு ரூபாய் கொடுத்தார்கள். செப்டம்பர் 1 காலையில் பையன் திருவண்ணாமலையில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 16. இன்றைய சட்டப்படி அவர் குழந்தை.

இந்தக் கதையை மகானின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அதன் மறுபாதி மானாமதுரையில் நடந்தது. மகன் திருவனந்தபுரத்தில் ஒரு நாடகக் குழுவில் இருக்கிறான் என்று யாரோ சொல்ல, நெல்லையப்பய்யர் அங்கே போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். அழகம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை, தன்னையும் அழைத்துக்கொண்டு மறுபடி போகச் சொன்னார். அங்கே தன் மகன் வயதில், அவனைப் போன்ற தலைமுடியோடு ஒரு பையனைக் கண்டார். அந்தப் பையன் முதுகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். தன்னைத் தவிர்க்கிறான் என்றே நம்பி அந்தத் தாய் ஊர் திரும்பினார். 1898இல் சுப்பையர் இறந்த துக்கத்துக்குக் குடும்பம் கூடியபோதுதான் மகன் இருக்கும் இடம் தெரிந்தது. விதவைத் தாய் ஒருவர் ஏறக்குறைய இரண்டு வருஷம் மகன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் இருந்தார். வழியில் கிடைத்த மௌல்வி, ஓட்டல்காரர், பாகவதர் எல்லோரும் நல்லவர்களாக அமைந்தார்கள். அத்தனை பேரும் அப்படி அமைவது அபூர்வம். இந்தக் காலத்தில், பெரிய ரயில் நிலையத்தில் தனியாக நிற்கும் பையனிடம் முதலில் பேச்சுக்கொடுப்பவர் வேலைக்கு ஆள் பிடிக்கும் தரகராகவும் இருக்கலாம்.

இன்று அதே பையன் ஜோலார்பேட்டையில் இறங்கினால் என்ன நடக்க வேண்டும் என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். மாவட்டந்தோறும் இருக்க வேண்டிய இந்தக் குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் இந்தக் குழுவுக்கு உண்டு. குழு கூடாத நேரத்தில் பிள்ளையைத் தனி உறுப்பினர் ஒருவரிடம் கொண்டுபோகலாம். ஆகவே ராத்திரி என்பதோ ஞாயிற்றுக்கிழமை என்பதோ காரணமாகாது. பிள்ளையின் குடும்ப நிலையை விசாரித்து 15 நாளில் சமூக விசாரணை அறிக்கை வர வேண்டும். நான்கு மாதத்துக்குள் இறுதி ஆணை.

பிள்ளையைத் தேடும் குடும்பத்துக்கும் சட்டத்தின் துணை உண்டு. 2013 மே 10 அன்று, பச்பன் பச்சாவ் ஆந்தோலன் என்ற குழந்தை உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளை காணவில்லை என்ற புகார் வந்தாலே முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்றது. "ரெண்டு நாள் பாருங்க, வந்துடுவான்" என்று அனுப்பிவைக்க எந்தக் காவல் நிலையத்துக்கும் உரிமையில்லை. உறவு வீடுகளில் நடக்கும் தாமதம் வேறு வகை. பிள்ளை போனது தெரிந்தால் அக்கா என்ன சொல்வாளோ, ஊர் என்ன பேசுமோ என்று பயந்து முதல் நாள் முழுக்கத் தாங்களே தேடிப் பார்க்கிறார்கள். பிள்ளை அதிக ஆபத்தில் இருப்பது அந்த முதல் நாளில்தான்.

குழுவின் முன் மாமா வந்து நின்று "எங்க பிள்ளைதாங்க, அனுப்புங்க" என்றால் அனுப்பியே ஆக வேண்டுமா? வேண்டியதில்லை. இந்துச் சிறார் பாதுகாவலர் சட்டப்படி இயற்கைப் பாதுகாவலர் தாயும் தகப்பனும்தான். வளர்க்கிற உறவினர் நீதிமன்ற ஆணை பெறாதவரை தானாகப் பாதுகாவலர் ஆவதில்லை. நடைமுறையில் கையில் வைத்திருக்கும் ஒரே காரணத்துக்காகப் பிள்ளையின் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ 1956 முதல் யாருக்கும் அதிகாரமில்லை. சிறார் நீதிச் சட்டத்தின் நோக்கம் பிள்ளையைக் குடும்பத்தோடு சேர்ப்பது, இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி. அதே சட்டம், பிள்ளையின் பேச்சைக் கேட்டு, அதன் நலத்தை முன்வைத்தே முடிவெடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பொறுப்பில் வைத்திருப்பவர் பிள்ளையை அடித்தாலோ, வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டாலோ மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அவர் சித்தப்பா என்பதால் சலுகை கிடையாது.

ஆக, சட்டத்தில் குறை அதிகமில்லை. பிளாட்பாரத்தில் பிள்ளை கண்ணில் படுவதற்கும் குழுவின் முன் போவதற்கும் இடையிலுள்ள சில மணி நேரத்தில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது. யாரோ ஒரு பெரியவர் இரக்கப்பட்டுப் பையனின் சட்டைப் பையிலிருக்கும் எண்ணுக்கு போன் போடுகிறார். அத்தை வீட்டார் வருகிறார்கள். அவர்கள் முன்னால் "ஏண்டா ஓடின?" என்று கேட்கிறார்கள். பையன் வாயைத் திறப்பதில்லை. "சும்மா கோவம்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டாவது முறை ஓடும்போது அவன் கவனமாக, யார் கண்ணிலும் படாமல் ஓடுவான்.

இங்கிலாந்தில் இதற்கென்றே ஒரு நடைமுறை வைத்திருக்கிறார்கள். காணாமல் போன பிள்ளை திரும்பி வந்ததும் 72 மணி நேரத்துக்குள், அந்த வீட்டாரோடு தொடர்பில்லாத ஒருவர் தனியாக உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்ய வேண்டும். ஏன் போனாய், எங்கே இருந்தாய், திரும்பப் போக பயமா என்று அவர் கேட்பார். அந்த நாட்டில் குழந்தைப் பாதுகாப்பு விதிகள் இறுகியதற்குப் பின்னால் இன்னொரு உறவு வீட்டின் கதை இருக்கிறது. ஐவரி கோஸ்ட் நாட்டுச் சிறுமி விக்டோரியா கிளிம்பியை, நல்ல படிப்பு கிடைக்கும் என்று நம்பிப் பெற்றோர் பாட்டி முறையிலான ஓர் உறவினரோடு அனுப்பினார்கள். லண்டனில் அந்த உறவினரும் அவரோடு வாழ்ந்தவரும் செய்த சித்திரவதையில் 2000 பிப்ரவரி 25 அன்று அந்தப் பிள்ளை இறந்தது. வயது எட்டு. மருத்துவமனை, காவல்துறை, நலத்துறை எல்லாமே அவளைப் பார்த்திருந்தன. அவளிடம் தனியாக, அவள் மொழியில், யாரும் சரியாகக் கேட்கவில்லை. 2003இல் வந்த லேமிங் விசாரணை அறிக்கையும், அடுத்த ஆண்டு வந்த குழந்தைகள் சட்டமும் அந்த மரணத்தின் விளைவுகள். ஓடத் தெரிந்த வயதுப் பிள்ளை நம் கண்ணில் வந்து படுகிறது. அந்த வாய்ப்பை நழுவவிடக் கூடாது.

உறவு வீட்டிலேயே பிள்ளை நன்றாக இருக்க வழி உண்டா என்றால், பல வீடுகளில் உண்டு. பணத்தால் வரும் கசப்பைப் பணத்தால் ஓரளவு தீர்க்கலாம். தாய் தகப்பனை இழந்து உறவினரோடு வாழும் பிள்ளைகளுக்கு நிதி ஆதரவு தரலாம் என்று சிறார் நீதிச் சட்டமே சொல்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். தமிழக அரசு 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டத்தில், பெற்றோரை இழந்து உறவினர் பாதுகாப்பில் வளரும் பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விவரம் கேட்கலாம். இந்தப் பணம் பிள்ளையின் பேரில் வருகிறது என்பது வீட்டுக்குள் அதன் நிலையை மாற்றும். பிறர் சோற்றைத் தின்கிறோம் என்ற கூச்சம் பாதியாகக் குறையும். எப்படியும் சேர்ந்து வாழ முடியாத வீடு என்றால் அரசு மாணவர் விடுதிகள் இருக்கின்றன. மலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. விடுதியில் தங்கி, விடுமுறைக்கு மட்டும் அத்தை வீட்டுக்குப் போகும் பிள்ளையை அத்தையும் ஆசையாகவே பார்ப்பார்.

பிள்ளையை உறவினரிடம் விடும் பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாரம் ஒருமுறையாவது, வீட்டார் பக்கத்தில் இல்லாத நேரத்தில் பிள்ளையோடு பேசுவது. பள்ளி ஆசிரியரின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு அவரிடமும் விசாரிப்பது. உறவு வீட்டில் இருக்கும் பிள்ளை திடீரென்று வகுப்பில் தூங்கினாலோ, சாயந்திரம் மணி அடித்த பிறகும் பள்ளியை விட்டுப் போக மனமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தாலோ, ஆசிரியர் கண்ணுக்கு அது முதலில் தெரியும்.

பஸ் நிலையத்திலோ ரயிலிலோ துணையில்லாத பிள்ளையைப் பார்க்கும் வாசகர்கள், அதை வீட்டுக்கு அழைத்துப் போகவும் வேண்டாம், உறவினருக்குத் தாங்களே போன் போடவும் வேண்டாம். ஆதரவற்றதாகவோ வழிதவறியதாகவோ தெரியும் பிள்ளையைப் பொறுப்பில் எடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ குழந்தைகள் உதவி எண்ணுக்கோ சொல்லியாக வேண்டும்; சொல்லாமல் இருப்பது தண்டனைக்குரியது. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, யாரிடமிருந்து வருகிறாய், அங்கே திரும்பிப் போக உனக்கு விருப்பமா என்று மெதுவாகக் கேளுங்கள். விருப்பமில்லை என்று சொன்னால், அந்தப் பதிலை வரும் அதிகாரியிடம் அப்படியே சொல்லுங்கள். உதவி எண் 1098. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். பிள்ளைகளும் தாங்களாகவே அழைக்கலாம்.